வேலை போனால் எல்லாம் போச்சா? – கணக்கர் ராமானுஜனின் கதை



சீனிவாச ராமானுஜன் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருது? கணித மேதை, கேம்பிரிட்ஜ், 1729 என்ற டாக்சி எண். இதெல்லாம் அவர் 1914-ல் கப்பல் ஏறிய பிறகு நடந்த கதை. அதற்கு முன்னால் ஒரு பத்து வருஷம் இருக்கு. அதைப் பற்றி நம்ம பசங்க அதிகம் பேசறதில்லை. அந்தப் பத்து வருஷத்தில் அவர் உதவித்தொகையை இழந்தவர். வீட்டை விட்டு ஓடியவர். ஒரே தேர்வில் இரண்டு முறை தோற்றவர். வேலை கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர். கடைசியில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக உட்கார்ந்தவர். நான் இங்கே எழுதப் போவது அந்த ராமானுஜனைப் பற்றி.

ஏன் இப்போ என்று கேட்பீங்க. என் பெரியம்மா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், கணக்கியல் பட்டம் முடித்து ஒரு தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்தார். சில மாதம்தான். புரோபேஷன் முடிவதற்குள் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் அவர் குடும்ப விசேஷம் எதுக்கும் வரல. தைப்பூசத்துக்குக்கூட வீட்டிலேயே இருந்துட்டார். சம்பளம் நின்றதைவிட, தான் எதற்குமே லாயக்கில்லை என்ற எண்ணம்தான் அவரை அதிகமாக அரித்தது. நான் பொறியியல் மாணவன். இன்னும் ஒன்றரை வருஷத்தில் நானும் வேலை தேடப் போறவன். அதனால்தான் வேலையும் இடமும் பறிபோன ஒருவருடைய வாழ்க்கையை உட்கார்ந்து படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததை உங்களோடு பகிர்ந்துக்கிறேன்.

கணக்குப்பிள்ளை வீட்டுப் பிள்ளை

ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22. வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னிதித் தெருவில். தெருக்கோடியில் பெருமாள் கோயில். அப்பா குப்புசாமி சீனிவாச ஐயங்கார் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர். சம்பளம் மாதம் 20 ரூபாய் அளவில்தான். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுபவர். குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். இன்றைக்கு நம்ம ஊரில் கிளார்க் வேலை பார்க்கும் ஒருவருடைய குடும்பம் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படி ஒரு குடும்பம்.

பள்ளியில் அவர் நல்ல மாணவர். 1897-ல் தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே முதலிடம். பதினைந்து பதினாறு வயதில் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் கைக்குக் கிடைத்தது. அதில் ஏறக்குறைய 5,000 தேற்றங்கள் வரிசையாக இருக்கும், விளக்கம் மிகக் குறைவு. வேறு யாராக இருந்தாலும் மூடி வைத்திருப்பாங்க. ராமானுஜன் ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தார். பிறகு புத்தகத்தில் இல்லாததையும் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். அதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கும் பழக்கம் அப்போதுதான் வந்தது. அந்த நோட்டுப் புத்தகத்தை மனசில் வச்சுக்கோங்க. பிற்பாடு அவரைக் காப்பாற்றியது அதுதான்.

முதல் கதவு மூடியது

1904-ல் கணிதத்துக்கான பரிசோடு பள்ளியை முடித்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. இனி கவலை இல்லை என்று குடும்பம் நினைத்திருக்கும். ஆனா அவர் வகுப்பில் கணிதத்தைத் தவிர வேறு எதையும் கவனிக்கல. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோல்வி. உதவித்தொகை போச்சு. அம்மா நேராகக் கல்லூரி முதல்வரிடமே போய் வாதாடிப் பார்த்தார். பலன் இல்லை.

இங்கே கொஞ்சம் நிதானமா யோசிக்கணும். கல்லூரி செய்தது அநியாயமா? விதிப்படி பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. எல்லாப் பாடத்திலும் தேறணும் என்பது நிபந்தனை, அவர் தேறல. அதே நேரத்தில் அந்த முடிவு அவருடைய கணிதத்தைப் பற்றிய தீர்ப்பும் கிடையாது. ஆங்கிலத் தாளில் விழுந்த மார்க்குக்கும் நோட்டுப் புத்தகத்தில் இருந்த கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது இன்றைக்கு நமக்குச் சுலபம். பதினேழு வயசுப் பையனுக்கு அது சுலபமா இருந்திருக்காது.

1905 ஆகஸ்டில் யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறி விசாகப்பட்டினம் போய்ட்டார். வீட்டில் தேடாத இடமில்லை. பத்திரிகையில் காணவில்லை என்ற விளம்பரம்கூட வந்தது. பிறகு திரும்பி வந்துட்டார். நாம் புத்தகத்தில் பார்க்கும் அந்தப் பெரிய மேதையும் அவமானம் தாங்காமல் ஒரு நாள் ஓடியவர்தான். அதனால, வேலை போன பிறகு யாருடைய முகத்தையும் பார்க்கப் பிடிக்கலன்னா, அது உங்களுக்கு மட்டும் வந்த கோழைத்தனம் என்று நினைச்சுக்காதீங்க.

மறுபடியும் முயற்சி செய்தார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். கணித ஆசிரியர்களுக்கு அவரைப் பிடித்துப் போனது. ஆனா வயிற்றுக்கடுப்பு வந்து ஊருக்குத் திரும்ப வேண்டியதாச்சு. எப்.ஏ. தேர்வு எழுதினார். கணிதத்தில் ஜொலித்தார், உடற்கூற்றியல் போன்ற பாடங்களில் விழுந்தார். 1907-ல் இன்னொரு முறை எழுதினார். மறுபடியும் தோல்வி. அதோடு கல்லூரிப் படிப்பு முடிந்தது. கையில் பட்டம் இல்லை, வேலை இல்லை. அந்தக் காலத்தில் அரசாங்கக் குமாஸ்தா வேலைக்கே படிப்புச் சான்று கேட்பாங்க.

அடுத்த மூன்று வருஷம் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டார். தாள் வாங்கக் காசில்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். இடையில் டியூஷன் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார், அதுவும் சரியா வரல. பாடத்திட்டத்துக்கு அவர் அடங்கினால்தானே! ஊர்க்காரர்கள் கண்ணுக்கு வேலை வெட்டி இல்லாத பையன். ஆனா எண்ணிப் பாருங்க, உலகம் இன்றைக்கும் படிக்கும் அந்த நோட்டுப் புத்தகங்களில் பெரும் பகுதி இந்தச் சும்மா இருந்த காலத்தில் எழுதியதுதான்.

நோட்டைத் தூக்கிக்கிட்டு நடந்தார்

1909 ஜூலையில் ஜானகியோடு கல்யாணம். அந்தக் கால வழக்கப்படி ஜானகி அப்போது சிறுமி. 1910 தொடக்கத்தில் ராமானுஜனுக்கு ஓர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. வீட்டில் பணம் இல்லை. ஒரு மருத்துவர் காசு வாங்காமல் செய்து கொடுத்தார். குணமானதும் ராமானுஜன் வேலை தேடிக் கிளம்பினார். குடும்பப் பொறுப்பு வந்தாச்சு, இனிமேல் திண்ணையில் உட்கார முடியாது.

என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்க்கையில் திருப்பம் இதுதான். கேம்பிரிட்ஜ் கடிதம் பிறகு வந்தது. நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஆட்களின் வாசலில் போய் நிற்க முடிவு செய்தாரே, அந்த நாள்தான் முக்கியம். ஐந்து வருஷம் அவருடைய திறமை திண்ணையிலேயே இருந்தது. ஒரு கதவும் திறக்கல. அவர் நடக்க ஆரம்பித்ததும்தான் ஒவ்வொன்றாகத் திறந்தது.

முதலில் திருக்கோவிலூர். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரும் அவர்தான். ராமானுஜன் அவரிடம் கேட்டது தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. ஐயர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இப்படிப்பட்டவரை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்கார வைக்க அவருக்கு மனம் வரல. சென்னையில் இருந்த கணிதக்காரர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்த வழியில் பேராசிரியர் சேஷு ஐயர், அவர் மூலம் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் என்று சங்கிலி நீண்டது. ராவுக்கு முதலில் நம்பிக்கை வரல. இவன் சொல்வது நிஜமா பித்தலாட்டமா என்றே சந்தேகம். மறுபடியும் போய், பொறுமையாக விளக்கிய பிறகுதான் நம்பினார். என்ன வேண்டும் என்று கேட்டபோது ராமானுஜன் கேட்டது, சாப்பாட்டுக் கவலை இல்லாமல் கணக்குப் போட ஒரு வழி. அவ்வளவுதான். ராவ் தன் கைக்காசிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார்.

1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது. பெர்னூலி எண்களைப் பற்றி 17 பக்கம். பட்டம் இல்லாத, வேலை இல்லாத ஒருவருடைய பெயர் அச்சில் வந்தது. இருந்தும் அடுத்தவர் காசில் எத்தனை நாள் சாப்பிடுவது என்ற உறுத்தல் அவருக்குப் போகல. மறுபடியும் வேலை தேடினார்.

30 ரூபாய்க் கணக்கர்

1912 ஜனவரியில் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் ஒரு வேலை கிடைத்தது. தற்காலிக வேலை. சம்பளம் 20 ரூபாய். சில வாரங்கள்தான் நீடித்தது. அந்த வேலையில் இருக்கும்போதே, பிப்ரவரி 9-ஆம் தேதி, சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பம் போட்டார். பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசும் கூட இருந்தது. மார்ச் 1-ஆம் தேதி துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை குமாஸ்தா. சம்பளம் 30 ரூபாய். இடத்தையும் நேரத்தையும் கவனிங்க. பேரேடு, வரவு, செலவு, கூட்டல், சரிபார்ப்பு. உலகத்தின் மிகப் பெரிய கணித மூளைகளில் ஒன்று இந்த வேலையைத்தான் ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்தது.

அந்த வேலையை அவர் கேவலமாக நினைக்கல. அலுவலக வேலையை வேகமாக முடிப்பார். நேரம் கிடைத்தால் துறைமுகத்தில் கிடக்கும் பொதிகட்டும் தாளைப் பொறுக்கி அதில் கணக்குப் போடுவார். காலையில் போவதற்கு முன்னும், மாலையில் வந்த பிறகும் சொந்தக் கணக்கு.

அந்த அலுவலகத்தின் தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர். அவரும் கணிதம் படித்தவர், கணிதக் கழகத்தின் பொருளாளர். வேறு ஒரு மேலதிகாரியாக இருந்திருந்தால் பொதித்தாளில் கிறுக்கும் குமாஸ்தாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருப்பார். நாராயண ஐயர், மாலையில் திருவல்லிக்கேணி வீட்டு மாடியில் அவரோடு உட்கார்ந்து ஆளுக்கொரு சிலேட்டில் கணக்குப் போட்டார். அதோடு நிற்கல. துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் ராமானுஜனைப் பற்றி எடுத்துச் சொன்னார். ஸ்பிரிங் ஒரு பொறியாளர். சென்னைப் பொறியியல் கல்லூரியில் சிவில் பொறியியல் பேராசிரியராக இருந்த கிரிஃபித் இன்னொருவர். அவர் லண்டனில் இருந்த தன் பழைய பேராசிரியர் ஹில்லுக்கு எழுதிக் கேட்டார். பொறியியல் படிக்கிறவன் என்பதால் இந்த இடம் எனக்குத் தனிச் சந்தோஷம். தங்களுக்கு முழுசாப் புரியாத ஒரு விஷயத்தை, புரியல என்று தள்ளாமல், புரிந்தவரிடம் கொண்டு போய்ச் சேர்த்தாங்க இந்தப் பொறியாளர்கள்.

அந்த ஊக்கத்தில்தான் ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பெரிய பேராசிரியர்களிடமிருந்து உதவி கிடைக்கல. மூன்றாவதாக 1913 ஜனவரி 16-ஆம் தேதி ஹார்டிக்கு எழுதினார். அந்தக் கடிதத்தில் தன்னை என்னவென்று அறிமுகப்படுத்திக்கொண்டார் தெரியுமா? சென்னைத் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் வருஷத்துக்கு 20 பவுண்டு வாங்கும் ஒரு குமாஸ்தா என்று. பட்டம் கிடைக்காததையும் அதிலேயே மறைக்காமல் எழுதினார். அதற்குக் கீழே தேற்றங்களை வரிசையாக அடுக்கினார். ஹார்டியின் பதில் பிப்ரவரியில் வந்தது. அதன் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. எப்.ஏ. தேறாதவருக்கு! 1914 மார்ச் 17-ஆம் தேதி கப்பல் ஏறினார்.

அங்கேயும் எல்லாம் நேராக நடக்கல. குளிர், சைவச் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு, போர்க்காலம், 1917 முதல் தீராத நோய். அந்த வருஷம் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ பதவிக்கு அவர் பெயர் போனபோது நிராகரித்துட்டாங்க. 1918-ல் ராயல் சொசைட்டி அவரை ஃபெலோ ஆக்கியது. அதே வருஷம் டிரினிட்டியும் கொடுத்தது. 1919-ல் நாடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி, 32 வயதில் காலமானார். கடைசி மாதங்களிலும் படுக்கையில் சிலேட்டோடுதான் இருந்தார்.

திரும்புவதற்கு முன் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய ஒரு விஷயத்தை இங்கே சொல்லணும். பல்கலைக்கழகம் அவருக்கு வருஷத்துக்கு 250 பவுண்டு ஒதுக்கியது. பெற்றோருக்கு 50 பவுண்டு கொடுத்து, தன் அவசியச் செலவு போக மிச்சத்தை ஏழைப் பிள்ளைகள், அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குப் பயன்படுத்தும்படி கேட்டுக்கொண்டார். பதினேழு வயதில் உதவித்தொகை பறிபோன வலியை அவர் எங்கே கொண்டு போய் வைத்தார் பாருங்க.

நமக்கு இதில் என்ன இருக்கு?

நாம யாரும் ராமானுஜன் ஆகப் போவதில்லை. மேதைகளுக்குக் கடைசியில் நல்லது நடக்கும் என்று சொல்வதும் என் நோக்கம் இல்லை. எத்தனையோ திறமைசாலிகள் திண்ணையிலேயே முடிந்துபோயிருப்பாங்க. ஆனா அவர் செய்ததில் நாமும் செய்யக்கூடியது மூன்று இருக்கு.

ஒன்று, இடம் போனாலும் வேலையை விடல. இங்கே வேலை என்பது சம்பளம் வரும் வேலை இல்லை, கற்றுக்கொண்டே இருக்கும் வேலை. கணக்கியல் படித்தவர் நிறுத்தப்பட்டால், எழுத வேண்டிய ஏ.சி.சி.ஏ. தாள் அப்படியே இருக்கு. கோயில் நிர்வாகத்துக்கும் சின்னக் கடைகளுக்கும் கணக்கு எழுத ஆள் எப்போதும் தேவை. கை பழகிக்கொண்டே இருக்கட்டும்.

இரண்டு, அடுத்து கிடைத்த சின்ன வேலையை ஏற்றுக்கொண்டார். 20 ரூபாய்த் தற்காலிக வேலையிலிருந்துதான் 30 ரூபாய் வேலைக்கு மனுப் போட்டார். அந்த 30 ரூபாய் மேசையிலிருந்துதான் ஹார்டிக்குக் கடிதம் போச்சு.

மூன்று, நடந்ததை மறைக்கல. கேட்டவர்களிடம் தோற்றதையும் சொன்னார், நோட்டையும் காட்டினார். நம்மில் பலர் வேலை போனதை அம்மாவிடம்கூடச் சொல்லாமல் காலையில் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போய் மாலில் உட்கார்ந்திருக்கோம். சொன்னால்தான் உதவி வரும்.

உதவி என்றதும் இதையும் தெரிஞ்சுக்கோங்க. காரணமில்லாமல் வேலையிலிருந்து நீக்கினாங்க என்று நினைத்தால், நம் நாட்டில் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்கலாம். பெர்கேசோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்துக்கும் 60 நாள்தான் கெடு. தானே விலகியவர்களுக்கும், நடத்தைக் குற்றத்துக்காக நீக்கப்பட்டவர்களுக்கும் அது கிடைக்காது. எத்தனை மாதம் சந்தா கட்டியிருக்கணும் என்ற நிபந்தனையும் உண்டு. எதற்கும் போய்க் கேளுங்க. வெட்கத்தில் வீட்டுக்குள் இருந்தால் அந்த 60 நாள் நமக்காக நிற்காது.

வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராமானுஜன் கதையில் நம்மால் சுலபமாக ஏற்கக்கூடிய வேஷம் நாராயண ஐயருடையது. உங்க வட்டாரத்தில், உங்க கோயிலில், கொஞ்ச நாளாகக் கண்ணில் படாத ஒருவர் இருக்காரா? வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்துகொண்டிருந்தவர் திடீரென்று நின்றுவிட்டாரா? ஒரு போன் போடுங்க. வேலை கிடைச்சதா என்று கேட்காதீங்க, சாப்பிடப் போகலாமா என்று கேளுங்க. பேச்சோடு பேச்சாக அவருடைய ரெஸ்யூமேவை வாங்கி, உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் கொண்டு போய்க் கொடுங்க.